படத்தகடும் அதன் காவற்காரனும்



1981ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள், புது தில்லி ராஜபாதையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடி நின்றனர். ரிச்சர்டு அட்டன்பரோ இயக்கிய ‘காந்தி’ திரைப்படத்திற்காக அண்ணலின் இறுதி ஊர்வலக் காட்சி அன்று அங்கே படமாக்கப்பட்டது. 2022 முதல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் பூண்டுள்ள சாலைதான் அது. அக்கூட்டத்தில் எம் தந்தையாரும் ஒருவர். கும்பகோணத்திலிருந்து வந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த அவர், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நண்பர் இருவருடன் விளக்குக் கம்பம் ஒன்றை ஒட்டிக் குளிரில் நின்றதாகப் பன்முறை கூறியிருக்கிறார். 2014இல் அவர் காலமானார். 

அப்படம் மிகு நுண்மைத் தகடாக 2020இல் வெளிவந்தது. மறு ஆண்டு, அமெரிக்காவில் வசிக்கும் எம் மைத்துனர் அதை வாங்கி அனுப்பினார். ஊர்வலம் படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. எம் அன்னையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார். கூட்டம் அலையலையாக வந்தது, போயிற்று. “நிறுத்து, நிறுத்து” என்பார். நிறுத்துவதற்குள் அந்த இடம் கடந்திருக்கும். ஒரு மூலையைப் பெரிதாக்கி, சட்டம் சட்டமாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதற்குக் கணிப்பொறியே தக்கது எனத் தோன்றவே, தகட்டைக் கணிப்பொறியில் படியெடுக்கும் வேலையில் இறங்கினோம். அங்கேதான் இன்றைய பேச்சின் பொருள் தொடங்குகிறது.

தகடுகள் யாவும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பினும், அவற்றைப் படிக்கும் ஒளி வேறு. பழைய குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி; டிவிடிக்கு 650; புளூ-ரே தகட்டுக்கு 405. அலைநீளம் குறையக் குறைய, எழுத்தைப் பொடியாக எழுதிப் படிக்கலாம். ஆகவேதான் ஒரே அடுக்கில் டிவிடி 4.7 கிகாபைட் கொள்ள, புளூ-ரே 25 கொள்கிறது. 2016 முதல் விற்பனைக்கு வந்த மிகு நுண்மைத் தகடுகளில் 100 கிகாபைட் கொள்வனவும் உண்டு.

இவ்வொளியை ஆள்வது யார்? கணிப்பொறியன்று. தகட்டை ஏற்கும் இயக்கிக்குள், அதாவது கடைக்காரர் ‘டிரைவ்’ என்று சொல்லும் பெட்டிக்குள், சிறு சில்லு ஒன்றில் ஒரு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். வன்பொருளும் அன்று, மென்பொருளும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. தமிழில் ‘நிலைபொருள்’ என்கின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் ஒரு குறை உண்டு. நிலைபொருள் என்றவுடன் நிலைத்து நிற்பது என்றல்லவா எண்ணுவோம்? உண்மையில் அதை அழித்து வேறொன்று எழுதலாம். எழுதியவர் யாருடைய நன்மையைக் கருதினாரோ, பெட்டி அவர் சொற்படியே நடக்கும்.

இதற்கு நம்மவர் பலரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. டிவிடி உலகில் இந்தியா ஐந்தாம் மண்டலம், அமெரிக்கா முதல் மண்டலம், சிங்கப்பூர் மூன்றாவது. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொணர்ந்த படத்தை இட்டால், மண்டலத்தை மாற்றவா என்று கணிப்பொறி கேட்கும். ஆம் என்போம். ஊர்த் தகட்டுக்காக மறுபடி மாற்றுவோம். இப்படி ஐந்து முறைதான் மாற்றலாம். அதற்குமேல் பெட்டி கடைசி மண்டலத்திலேயே நின்றுவிடும். அந்தக் கணக்கை வைத்திருப்பது பெட்டியினுள் இருக்கும் நிலைபொருளே.

புளூ-ரே தகட்டில் காவல் இன்னும் கடுமை. படம் மறைகுறியால் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க விரும்பும் மென்பொருள், முதலில் இயக்கியிடம் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். தள்ளுபடி செய்யப்பட்ட சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று தகட்டிலேயே வருகிறது. தன்னிடமுள்ளதைவிடப் புதிய பட்டியலுடன் ஒரு தகடு உள்ளே வந்தால், இயக்கி அதைத் தன் நினைவில் பதித்துக்கொள்ளும், பின்னர் மறப்பதில்லை. நாம் விலை கொடுத்து வாங்கிய தகடே நம் பெட்டிக்கு, இன்னாரை உள்ளே விடாதே என்று கற்பித்துவிட்டுப் போகிறது!

மிகு நுண்மைத் தகட்டை முறைப்படி கணிப்பொறியில் ஓட்ட, இன்டெல் செயலிகளில் இருந்த எஸ்.ஜி.எக்ஸ். என்னும் பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. பதினோராம் தலைமுறை முதல் இல்லக் கணிப்பொறிச் செயலிகளில் அந்நிறுவனம் அவ்வசதியைக் கைவிட்டது. ஆகவே புதிய கணிப்பொறி வாங்கியவருக்கு அவ்வழியும் அடைபட்டது. எஞ்சியது, பழைய நிலைபொருளைக் கொண்ட சில இயக்கிகள். அவை தகட்டில் உள்ளதைச் சான்றிதழ் கேளாமல் உள்ளவாறே எடுத்துத் தருவன. அத்தகைய இயக்கி ஒன்று, நல்வினைப் பயனாக, நம்மிடமே இருந்தது.

இருந்தது என்று இறந்த காலத்தில் கூறக் காரணம் உண்டு. படியெடுக்க உட்கார்ந்த அன்று மாலை, இயக்கியைச் செய்த நிறுவனத்தின் உதவி நிரல் திரையில் தோன்றி, புதிய பதிப்பு வந்துள்ளது, மேம்படுத்தலாமா என்று பணிவுடன் வினவியது. மேம்படுத்தல் என்ற சொல்லில் நாம் மயங்கினோம். கோப்புகளில் அச்சொல்லை எத்தனை முறை எழுதியிருப்போம்! இசைவு தந்தோம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அத்துடன் படியெடுக்கும் வாய்ப்பும் முடிந்தது. பெட்டி தகட்டை ஏற்றது, சுழற்றியது, கதவைச் சாத்திக்கொண்டது.

நேரு பிளேஸில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். பழைய நிலைபொருளின் படி கைவசம் உண்டா என்பதே அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். ஒவ்வோர் இயக்கிக்கும் உரிய லேசர் அளவீடுகளும் அச்சில்லில் இருக்கும்; ஆகையால் எதையும் தொடுமுன் உள்ளதைப் படியெடுத்துக் கோப்பாக வைப்பதே முறை என்று பொறுமையாக விளக்கினார். மேலே ஒட்டியுள்ள சீட்டில் மாதிரி எண்ணையும் தயாரிப்புத் திங்களையும் பார்த்தார். ஒரே பெயரில் விற்கும் இரு பெட்டிகளுக்குள் வேறு வேறு சில்லு இருக்கக்கூடுமாம். ஒன்றுக்குரிய நிரலை மற்றதில் எழுதினால் பெட்டி செங்கல்லாகிவிடும் என்றார். எழுதும்பொழுது மின்சாரம் நின்றாலும் அதே கதிதான். கோடைக்காலத்து மின்வெட்டை அறிந்த நாம், அவர் மேசைக்கடியில் மின்கலப் பெட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டோம். இருந்தது. தகட்டை வெளியே எடுத்து, இயக்கியை இடையில் வேறு இணைப்பானின்றி நேரே கணிப்பொறியில் பூட்டி, அவர் எழுதலானார். புதிய பதிப்பு பழையதற்கு இடங்கொடுக்க முதலில் மறுத்தது. இரண்டாம் முறை வேறொரு கருவிநிரலால் முயன்று வெற்றி கண்டார்.

இது சட்டத்திற்கு உடன்பாடானதா என்று கேட்பீர்கள். நாம் வழக்கறிஞர் அல்லோம். எனினும் சட்ட வாசகங்களோடு பழக்கமுண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பக் காவலை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ‘நோக்கத்துடன்’ என்னும் அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்திற்கான நியாயமான கையாளலுக்கு இடமளிக்கிறது. எனவே படியை நண்பருக்குக் கொடுப்பதோ விற்பதோ வேறு வழக்கு. எதிர் வீட்டு வங்காளி நண்பர் ஒரு படி கேட்டபொழுது, தகட்டையே இரவல் கொடுத்தோம். 1998இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமோ காவலை உடைப்பதையே பொதுவாகத் தடுக்கிறது. அங்கிருக்கும் மைத்துனரிடம் நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்றிரவே படியெடுத்தோம். மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு அமர்ந்த அன்னையார் பிற்பகல் இரண்டு வரை எழவில்லை. ஒரு சட்டத்தில், கம்பத்தருகே, ஒருவர் தலை மறைக்க மறைக்க எட்டிப் பார்க்கும் ஒல்லியான உருவம் ஒன்றைத் தொட்டு, “இதோ” என்றார். பெரிதாக்கினோம். முகம் என்று சொல்லத்தக்கது பத்துப் பதினைந்து புள்ளிகளே. நமக்கு ஐயம் தீரவில்லை. “அந்தக் கழுத்தைச் சாய்க்கிற விதம் எனக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு, அடுப்பில் சாதம் வைக்க எழுந்து போனார்.