ஆர்டர் கையில இருக்கு, பணம் எங்கே?

போன எபிசோடில் பரஸ்பர சம்மத விவாகரத்து பற்றிப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "விவாகரத்து ஆயிடுச்சு. மாசாமாசம் ஜீவனாம்சம் கொடுக்கணும்னு ஃபேமிலி கோர்ட் ஆர்டரும் போட்டாச்சு. ஆனா பணம் வரல. கன்டெம்ட் போட்டு அவரை உள்ள தள்ள முடியுமா?"

சுருக்கமான பதில்: கன்டெம்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, போடலாம். ஆனால் பெரும்பாலான நேரத்தில் அதை முதலில் எடுக்கக் கூடாது. அதைவிட வேகமா பணத்தைக் கொண்டு வரக்கூடிய வழிகள் சட்டத்திலேயே இருக்கு. அதில் ஒரு வழிக்கு ஒரு வருஷக் கெடுவும் இருக்கு. அந்தக் கெடு தெரியாம காத்திருக்கிறவங்க நிறைய பேர். அதனாலதான் இந்த எபிசோட்.

நான் வக்கீல் கிடையாது, கோடு எழுதுறவன். சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். உங்க கேஸுக்கு என்ன பொருந்தும்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க.

முதல்ல ஒரு விஷயம். கோர்ட் ஆர்டர் தானா ஓடாது. நாம புரொடக்‌ஷன்ல போட்ட ஒரு ஜாப் ஃபெயிலானா அலர்ட் வரும். ஃபேமிலி கோர்ட்டில் அப்படி ஒரு அலர்ட் கிடையாது. 5ஆம் தேதி பணம் வரலைன்னா நீதிபதிக்குத் தெரியாது. நீங்க மனு போட்டு, "இத்தனை மாசப் பாக்கி, இதோ பேங்க் ஸ்டேட்மென்ட்" என்று சொன்னால்தான் கோர்ட் அசையும்.

அந்த மனுவுக்கு இருக்கிற முக்கியமான வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலா பி.என்.எஸ்.எஸ். வந்திருக்கு. அதில் இது 144ஆம் பிரிவு. விவாகரத்தாகி, மறுமணம் செய்துகொள்ளாத மனைவியும் இந்தப் பிரிவுக்கு "மனைவி"தான். குழந்தைகளும் இதில் வருவாங்க.

ஆர்டர்படி பணம் கட்டாம, அதுக்குச் சரியான காரணமும் சொல்லலைன்னா, கோர்ட் வாரன்ட் போட்டு அபராதத்தை வசூல் பண்ற மாதிரியே இந்தப் பாக்கியை வசூல் பண்ணலாம். அப்படியும் பாக்கி நின்றால், அந்தந்த மாசத் தொகைக்காக ஒரு மாதம் வரைக்கும் சிறை. நடுவில் கட்டிட்டா வெளியே வந்துடலாம்.

இங்கதான் அந்த ஒரு வருஷக் கெடு. ஒரு மாசத் தொகை எந்தத் தேதியில் கொடுக்க வேண்டியதோ, அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போடணும். ஒரு உதாரணம் பார்ப்போம். மாசம் 15,000 ரூபாய்னு ஆர்டர். 14 மாசமா வரல. மொத்தப் பாக்கி 2,10,000. இன்னைக்குத்தான் முதல் மனு போடுறீங்கன்னா, ரொம்பப் பழைய மாசங்களின் தொகை இந்த வாரன்ட் பாதையிலிருந்து நழுவிடும். "அவரா கொடுப்பாரு, கோர்ட் படி எதுக்கு ஏறணும்" என்று பொறுத்துப் போனதுக்கு விலை அது.

அந்தப் பணம் ஒரேயடியா போயிடுமா? போகாது. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கில் 2013ல் தீர்ப்பு வந்தது. ஒரு வருஷக் கெடு இந்த வேகமான வசூல் முறைக்குத்தான். ஆர்டர் கொடுத்த உரிமை அழிந்துவிடாது, பழைய பாக்கியை வழக்கமான சிவில் வழியில் கேட்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வழி இன்னும் நீளம். அதனால காலண்டரில் போட்டு வைங்க. பாக்கி விழ ஆரம்பிச்சா, ரெண்டு மூணு மாசத்திலேயே வக்கீலைப் பாருங்க.

அடுத்து எல்லாரும் கேட்கிறது: "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டா பாக்கி கழிஞ்சிடும்ல?" கழியாது. 1989லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. சிறை என்பது பணத்தை வெளியே கொண்டு வர்றதுக்கான அழுத்தம், பணத்துக்குப் பதில் கிடையாது. உள்ளே இருந்துட்டு வந்தாலும் அதே 15,000 அதே மாசக் கணக்கில் நிற்கும்.

"அவர் வேலை மாறி பெங்களூரு போயிட்டாரு" என்று ஒரு கேள்வி. அதுக்கும் வழி இருக்கு. இந்தப் பிரிவில் போட்ட ஆர்டரை, அவர் இருக்கிற ஊரில் உள்ள மாஜிஸ்திரேட் மூலமாகவும் நிறைவேற்றலாம். ஆள் இவர்தான், பணம் கட்டல, இந்த ரெண்டையும் காட்டணும். ஆர்டரின் நகல் உங்களுக்கு இலவசமா தரணும்னும் சட்டத்தில் இருக்கு. வாங்கி வைங்க.

இப்போ நம்ம ஆடியன்ஸுக்கு ரொம்பப் பொருந்துற விஷயம்: சம்பள ஜப்தி. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் பற்றி நாடு முழுக்கப் பொருந்தும் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டணும் என்பது அதில் ஒன்று. ஜீவனாம்ச ஆர்டரை ஒரு சிவில் கோர்ட்டின் பணத் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம் என்பதும் அதில் இருக்கு.

இது ஏன் முக்கியம்? சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி பண்ணினால், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கடன்காரருக்குப் பாதுகாப்பா விடப்படும். ஜீவனாம்சத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாப்பு. ஜப்திக்கு உட்பட்ட சம்பளம் 90,000 என்று வைங்க. கிரெடிட் கார்டு பாக்கி என்றால் சுமார் 29,700 வரைதான் எடுக்க முடியும். ஜீவனாம்சப் பாக்கி என்றால் 60,000 வரை எடுக்கலாம். சட்டமே கிரெடிட் கார்டைவிடக் குழந்தையின் ஸ்கூல் ஃபீஸுக்கு முன்னுரிமை கொடுத்து வச்சிருக்கு.

கம்பெனிக்குக் கோர்ட் உத்தரவு போனா, பே ரோலிலேயே பிடிச்சு அனுப்பிடுவாங்க. அதனால அவர் எங்க வேலை பார்க்கிறார், எந்த பேங்கில் கணக்கு, வாடகை வருமானம் உண்டா என்ற தகவல்தான் உங்க கையில் இருக்கிற பெரிய பலம். பழைய ஃபார்ம் 16, ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், ஹோம் லோன் பேப்பர், எதையும் தூக்கிப் போடாதீங்க.

சரி, கன்டெம்ட்டுக்கு வருவோம். 1971ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, கோர்ட் ஆர்டரை வேணும்னே மீறுறதும், கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழியை வேணும்னே மீறுறதும் சிவில் அவமதிப்பு. அதிகபட்சம் 6 மாதம் சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அந்த 2,000 உங்களுக்கு வராது, அரசாங்கத்துக்குப் போகும். கீழ் கோர்ட் ஆர்டர் என்றால் பொதுவா ஹைகோர்ட்டுக்குப் போகணும். இதுக்கும் ஒரு வருஷக் கெடு உண்டு.

முக்கியமா, "வேணும்னே" என்பதை நீங்க நிரூபிக்கணும். வேலை போய், கையில் காசில்லாம கட்ட முடியலைன்னா அது அவமதிப்பு ஆகாது. "வசூலுக்கு வேற வழி இருக்கே, முதல்ல அங்க போங்க" என்று கோர்ட் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு இருக்கு.

அப்போ எப்போ எடுக்கலாம்? பணம் இருக்கு, ஆனா தரமாட்டேன் என்று நிற்கிறது தெளிவா தெரியும்போது. 2021ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மாசம் 1.75 லட்சம் கொடுக்கணும், பாக்கி மட்டும் சுமார் 2.6 கோடி. பணம் இல்லை, டைம் கொடுங்க என்று கணவர் கேட்டார். நீதிமன்றம் ஏற்கல. அவமதிப்புக்காக 3 மாத சிறைத் தண்டனை கொடுத்தது. கன்டெம்ட்டுக்குப் பல் இருக்கு என்பது உண்மை. ஆனா எவ்வளவு பாக்கி சேர்ந்த பிறகு அந்த நாள் வந்தது என்பதையும் பாருங்க.

பரஸ்பர சம்மதத்தில் பிரியறவங்களுக்கு ஒரு டிப். செட்டில்மென்ட்டில் "நியாயமான தொகை கொடுப்பார்" என்று மொட்டையா எழுதாதீங்க. எந்தத் தேதி, எந்தக் கணக்கு, எவ்வளவு, தவறினா என்ன என்று எழுதுங்க. அதைக் கோர்ட்டுக்குக் கொடுக்கிற உறுதிமொழியாகவே பதிவு பண்ணச் சொல்லுங்க. பின்னாடி மீறினா அவமதிப்பைக் காட்டுறது சுலபமாகும்.

கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவங்களும் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. உங்களுக்கு ரெண்டு விஷயம். லே-ஆஃப் ஆயிட்டா, பணத்தை நிறுத்திட்டு அமைதியா இருக்காதீங்க. தொகையைக் குறைக்கச் சொல்லி உடனே மனு போடுங்க. பழைய 127ஆம் பிரிவு, இப்போ 146. மனு போடாம நிறுத்தினா, ஒவ்வொரு மாசமும் முழுப் பாக்கியா ஏறிக்கிட்டே போகும். ரெண்டாவது, "குழந்தையைப் பார்க்க விடல, அதனால பணம் தரல" என்பது சரியான பதில் ஆகாது. பார்க்க விடாதது உண்மையிலேயே அநியாயம்தான். அதுக்குத் தனி மனு போடணும். அந்தச் சண்டை நடக்கிற மாசத்திலும் குழந்தைக்குப் பால், டாக்டர், ஸ்கூல் வேன் எல்லாம் உண்டு.

கடைசியா, வக்கீல் ஃபீஸுக்குக் காசில்லையே என்று தயங்குறவங்களுக்கு. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா இலவச வக்கீல் கேட்க, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கு. ஹெல்ப்லைன் நம்பர் 15100.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்க. மாசம், வர வேண்டிய தேதி, வந்த தொகை, பாக்கி, ஒரு வருஷக் கெடு முடியுற தேதி. ஐந்து காலம் போதும். அதை பேங்க் ஸ்டேட்மென்ட்டோட பிரின்ட் எடுத்துக்கிட்டு வக்கீல்கிட்ட போனா, முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிஞ்சிடும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.