முப்பத்தோராண்டு துடித்த இருதயம்



ஒருவருடைய மரணச் செய்தியைப் படிக்கும்போது, அவர் எந்த நோயால் இறந்தார் என்று அறிய விரும்புவது மனித இயல்பு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கருகே, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டோனி ஹியூஸ்மன் என்பவர் தம் இல்லத்தில் காலமானார். வயது 51. அவரை மாய்த்தது புற்றுநோய். அவருடைய இருதயமோ இறுதிவரை செவ்வனே இயங்கிற்று. வியப்பு என்னவென்றால், அந்த இருதயம் அவர் பிறந்தபோது உடன்வந்த இருதயம் அன்று. வேறொருவர் இறந்தபின் அவர் உடலிலிருந்து எடுத்து இவர் மார்பில் பொருத்தப்பட்டது. அதனைக் கொண்டு அவர் 31 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரே மாற்று இருதயத்துடன் உலகிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர் என்ற சிறப்பு அன்று அவருக்கு உரியதாயிருந்தது. 1982-இல் மாற்று இருதயம் பெற்று 2016 வரை வாழ்ந்த இங்கிலாந்து நாட்டு ஜான் மக்காஃபர்ட்டி, பின்னர் அந்த எல்லையைக் கடந்தார்.

ஹியூஸ்மன் உயர்நிலைப் பள்ளி மாணவராயிருந்தபோது நோய் வெளிப்பட்டது. நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நுண்கிருமி அவர் இருதயத் தசையைத் தாக்கியிருந்தது. தளர்ந்த தசை இரத்தத்தை வெளியேற்றப் பெருமுயற்சி செய்து செய்து, இருதயம் இயல்பான அளவினும் ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்துவிட்டது. மருந்தால் தீரக்கூடிய நிலை கடந்தது. 1978-இல், இருபது வயது வாலிபரான அவருக்கு, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவமனையில் மாற்று இருதயம் பொருத்தினார்கள்.

அந்த ஆண்டின் அருமையை உணர வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். 1967 டிசம்பர் 3 அன்று, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை மற்றொருவருக்கு மாற்றினார். அந்நோயாளி 18 நாள் உயிர்வாழ்ந்தார். 1968 பிப்ரவரியில் நம் நாட்டிலும், பம்பாயில் டாக்டர் பி. கே. சென் இம்முயற்சியில் இறங்கினார். நோயாளி சில மணி நேரமே பிழைத்திருந்தார். உலகெங்கும் இவ்வாறே முடிவுகள் வரக் கண்டு, மருத்துவர்கள் பெரும்பாலோர் இச்சிகிச்சையையே கைவிட்டார்கள்.

கைவிடாத சிலருள் தலையாயவர் ஸ்டான்ஃபோர்டின் டாக்டர் நார்மன் ஷம்வே. இருதயத்தைத் தைத்து இணைப்பதன்று, இணைத்ததை உடல் ஏற்கச் செய்வதே அரிய காரியம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நம் உடல் அந்நியப் பொருளைக் கண்டால் எதிர்க்கும். உயிர் காக்க வந்த இருதயத்தையும் பகையென்றே கருதும். அந்த எதிர்ப்பை அடக்க மருந்து வேண்டும். மிகுதியாக அடக்கினாலோ பிற நோய்கள் புகுந்துவிடும். இத்துறையில் பெருமாறுதல் விளைத்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1980-களில்தான் வழக்கத்திற்கு வந்தது. ஹியூஸ்மன் சிகிச்சை பெற்றது அதற்கு முன்பு. ஆகவே அவர் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டும், இம்முயற்சி வீணன்று என்பதற்குச் சான்றாக நின்றது.

எனினும் அவர் வாழ்வில் துயரமும் இருந்தது. அவருடைய சகோதரிக்கும் அதே இருதய நோய் கண்டது. 1983-இல் அவ்வம்மைக்கும் மாற்று இருதயம் பொருத்தப்பட்டது. 1991-இல், 29-ஆம் வயதில் அவர் இறந்தார். ஒரே வீட்டில், ஒரே நோய். ஒருவருக்கு எட்டாண்டு, மற்றவருக்கு முப்பத்தோராண்டு. ஏன் என்ற கேள்விக்கு எவர் விடை கூற வல்லார்? ஹியூஸ்மன் அக்கேள்வியில் முடங்கிவிடவில்லை. விளையாட்டுப் பொருள் விற்கும் கடையொன்றில் உத்தியோகம் பார்த்தார். இருதய நலனைப் பற்றிச் சிறுவர்களுக்குக் கற்பிக்க ஓர் அறநிலையம் கண்டார். செவிலியர் கல்வி பயில்வோருக்கு உதவித்தொகை வழங்கவும் வகை செய்தார். உறுப்புக் கொடையின் பயனுக்கு அவருடைய வாழ்வே விளக்கமாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் 'தானம்' என்னும் சொல்லைப் பலகாலும் எழுதியிருக்கிறோம். கண்ணப்பர் தம் கண்ணையே இடந்து அப்பிய கதையையும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். ஆயினும் இது முற்றிலும் வேறு வகையான தானம். கொடுப்பவர் கையை வாங்குபவர் காண்பதில்லை. கொடுப்பவருக்கு அதனால் இழப்பும் இல்லை. இழந்து நிற்பவர்கள் அவருடைய சுற்றத்தார். அழுதுகொண்டிருக்கும் வேளையில் 'ஆகட்டும்' என்று சொல்பவர்கள் அவர்களே. உண்மையில் கொடையாளிகள் அவர்கள்தாம்.

நம் நாட்டில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 3 அன்று, தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பி. வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை வழங்கினர். போக்குவரத்துக் காவலர் வழி ஒதுக்கித் தர, அச்சிறுவனின் இருதயம் சென்னையில் வேறொரு மருத்துவமனையில் காத்திருந்த சிறுமியை அடைந்தது. அச்செய்தி தமிழகத்தாரின் உள்ளத்தை உருக்கியதோடு, மனத்தையும் மாற்றிற்று.

தில்லியில் நம் குடியிருப்பிலுள்ள பெரியவர் ஒருவர், "மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுத்துவிட்டால் என்ன செய்வது, ஐயா?" என்று நம்மிடம் வினவினார். நியாயமான அச்சமே. சட்டம் அதனை நன்கு கருதியிருக்கிறது. மூளைச்சாவடைந்தவரின் மூச்சு கருவியால் ஓடுவது. மூளைத்தண்டு மீளாதவாறு செயலற்றுப் போயிருக்கும். நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி இடைவெளி விட்டு, இருமுறை சோதித்து அதனை உறுதி செய்தல் வேண்டும். அதன் பின்னரும் குடும்பத்தார் இசைந்தால்தான் உறுப்புகளை எடுக்கலாம். எடுத்தபின் உடலைத் தைத்து ஒப்படைப்பார்கள். ஈமக் கடன்களுக்கு ஒரு குறையும் நேராது. எடுத்த இருதயத்தையோ ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டும்.

ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு இதில் தனியான அக்கறை உண்டு. இறந்தவரின் உறுப்பை வேண்டிப் பதிவு செய்வோரிடம் சில மாநிலங்கள் இருப்பிடச் சான்று கேட்டு வந்தன. அந்நிபந்தனையை நீக்கிவிடுமாறு 2023-இல் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நோயுற்றவன் தமிழனா, வங்காளியா, பஞ்சாபியா என்று இருதயம் கேட்பதில்லை. பெறுவதற்கு எல்லை வேண்டாமென்றால், கொடுப்பதற்கும் எல்லை இருத்தல் தகாது.

நம்மில் பலருக்குப் பெற்றோர் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பார்கள். உடன்பிறந்தார் வேறு நகரில் இருப்பார்கள். விபத்து நேர்ந்தால், மொழி பழகாத மருத்துவமனை வாயிலில், மனைவியோ கணவரோ தனித்து நின்று ஓர் இரவுக்குள் முடிவு செய்ய வேண்டிவரும். "அவர் மனத்தில் என்ன இருந்ததோ!" என்ற தவிப்பை நாம் அவர்களுக்கு வைத்துப் போகலாகாது. கொடையாளராகப் பதிவு செய்துகொள்வது நன்று. நம் விருப்பத்தை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவைப்பது அதனினும் நன்று. சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று தள்ளாமல், இன்றிரவு உணவு வேளையிலேயே அதனைச் சொல்லிவிடலாம்.

1978-இல் ஏதோவொரு வீட்டில், துக்கத்தினிடையே எவரோ 'ஆகட்டும்' என்றார். அந்த ஒரு சொல்லால் ஓர் இருதயம் மேலும் முப்பத்தோராண்டு துடித்தது.