மூதாதையர் கல்லே நிலப் பட்டா
(கருத்தரங்க உரையின் சுருக்கம்)



ஜார்க்கண்டின் முண்டா கிராமங்களில் மரநிழலில் பரந்து கிடக்கும் கற்பலகைகளைச் 'சசன்திரி' என்பர். இறந்தோரின் எலும்புகளை அவரவர் குலத்துக்குரிய கல்லின் அடியில் வைப்பது மரபு. காடு திருத்தி ஊர் அமைத்த முன்னோரின் வழிவந்தவர் யார் என்பதற்கு அக்கல்லே சாட்சி. அதுவே அம்மக்களின் பட்டா. ஆகவே அக்கல்லைப் பெயர்ப்பது இறந்தோரை இழிவுபடுத்துவது மட்டுமன்று. இருப்போரின் நில உரிமையை அழிப்பதுமாகும்.

கோயல்-காரோ அணைத் திட்டத்தை எதிர்த்த மக்கள் எழுப்பிய கேள்வியும் இதுதான்: வயலுக்கு இழப்பீடு பேசுகிறீர்கள், சசன்திரிக்கும் சர்ணா தோப்புக்கும் என்ன விலை? 2001 பிப்ரவரி 2 அன்று தப்காராவில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 8 பேர் உயிரிழந்தனர். மக்கள் பின்வாங்கவில்லை. 2003-இல் அரசுதான் திட்டத்தைக் கைவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. மரபையும் பண்பாட்டு அடையாளத்தையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என்கிறது 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம். 2013-இல் நியாம்கிரி வழக்கில், டோங்கிரியா கோந்த் மக்களின் வழிபாட்டு உரிமை குறித்த முடிவை உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. ஆனால், மக்கள் திரண்டு நிற்காத இடத்தில் சட்டம் காகிதமாகவே கிடக்கும்.

எனவே நம் கடமைகள் தெளிவானவை. ஒவ்வொரு ஊரின் இடுகாட்டையும் கிராம சபைத் தீர்மானத்தின் மூலம் எல்லை வகுத்துப் பதிவு செய்ய வேண்டும். வனநிலத்தில் உள்ளவற்றுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை கோர வேண்டும். நில அளவைக்கு ஆட்கள் வரும் முன்பே இப்பணி முடிந்திருக்க வேண்டும்.