கோயில் கதவும் நெஞ்சின் கதவும்

(மதுரை வண்டியூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையேறுமுன் முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "மதம் இல்லையேல் மனிதனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும், தம்பி? சாமி பார்க்கிறது என்ற அச்சம் போய்விட்டால் தவறு செய்ய அவன் நெஞ்சு ஏன் கூசும்?"

எள்ளி நகையாடத் தக்க கேள்வியன்று அது. வாழ்ந்து பழுத்தவரின் கேள்வி. விடை தேடி நாம் ஏதென்சு நகருக்கோ, ரோமாபுரிக்கோ செல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து மேற்கே நடந்தால் மீனாட்சியம்மன் கோயில் வாயில். அந்த வாயிலே விடை சொல்லும்.

1897ஆம் ஆண்டு கமுதிக் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழைந்தனர். வழக்கு மூண்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் தீர்ப்பு வந்தது. நுழைய உரிமை இல்லை! வழக்கம் மறுத்தது, சாத்திரம் மறுத்தது, சட்டமும் மறுத்தது. இம்மூன்றும் சேர்ந்து சொன்ன பின் மனிதன் அடங்கிவிட வேண்டியதுதானே? அடங்கவில்லை, தோழர்களே!

1939 சூலை 8. அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஆதித்திராவிடத் தோழர்கள் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் புகுந்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். அதுவரை அவர்களைக் காக்கச் சட்டம் ஏதும் இல்லை. இராசாசி தலைமையிலான மாகாண அரசின் பாதுகாப்புச் சட்டம் பின்னர்தான் வந்தது. முன்னே நடந்தது மனச்சான்று. பின்னே ஓடி வந்தது சட்டம்!

மறுபுறம் நடந்தது என்ன? கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்றனர். பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தனர்.

எண்ணிப் பாருங்கள். வைத்தியநாத ஐயர் நாத்திகர் அல்லர். தடுத்தவர்களும் நாத்திகர் அல்லர். அழைத்துச் சென்றவரும் பக்தர். அடைக்க முனைந்தவரும் பக்தர். வணங்கியது ஒரே அன்னையை. ஒழுக்கத்தின் ஊற்று மதம்தான் என்றால், ஒரே ஊற்றிலிருந்து இனிப்பும் கசப்பும் எப்படிப் பிறந்தன? மதத்திலே எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் ஒன்று மனிதனிடம் இருந்தது. அதன் பெயர்தான் மனச்சான்று.

"தடுத்தவர்களும் தங்கள் மனச்சான்றையன்றோ காட்டினார்கள்?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. நான் சொல்லும் உரைகல் ஒன்றே: வெளியே நிற்பவனின் முகத்தை அந்த மனச்சான்று ஏறிட்டுப் பார்த்ததா? பார்க்காமலே பேசுமாயின் அது மனச்சான்று அன்று. பழக்கம் போட்டுக்கொண்ட முகமூடி. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கண்ணகியை ஏறிட்டுப் பார்த்தான். உடைந்த சிலம்பின் பரலைப் பார்த்தான். அவனைத் தண்டிக்க மேல்நீதிமன்றம் ஏது? அவன் நெஞ்சே தண்டித்தது.

இந்த வண்டியூரைப் பாருங்கள்! சித்திரைத் திருவிழாவில் அழகர் இங்கு வந்து தங்குவது துலுக்க நாச்சியாரைக் காணத்தான் என்று மக்கள் வழிவழியாய்ச் சொல்லி வருகிறார்கள். வேற்று மதத்துப் பெண்ணைத் தம் தெய்வத்தின் துணைவியாக்கி மகிழ்ந்தது எளிய மக்களின் நெஞ்சம். சாத்திரம் மூடிய இடத்தில் கதை ஒரு சன்னலைத் திறந்து வைத்தது.

ஆனால், பழங்கதையில் மகிழ்ந்து கலைந்துவிட நாம் கூடவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்கு 39 ஆண்டுகளுக்குப் பின், 1989இல், இதே மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஊரை இரண்டாக்கிய சுவர் எழுந்தது. 2008 மே 6 அன்றுதான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. சட்டம் இருந்தது, மனச்சான்று உறங்கியது. சுவரும் நின்றது!

பிறரைச் சொல்லி நான் தப்பிவிடலாகாது. என் இளமையில், எங்கள் வீட்டுத் திருமணத்தில், பந்தலுக்கு உழைத்த தோழர் ஒருவருக்குப் புறக்கடையில் தனி இலை போட்டார்கள். முதல்நாள் மாலை மேடையில் சமத்துவம் முழங்கிய நான் வாய்மூடி நின்றேன். எந்தச் சாமியும் என்னைத் தண்டிக்கவில்லை. எந்தச் சட்டமும் என்னைப் பிடிக்கவில்லை. அந்தத் தோழர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் என்னைச் சுடுகிறது.

பெரியவரே, நெஞ்சு ஏன் கூசும் என்று கேட்டீர்களே, இதற்குத்தான் கூசும்!

இதைப் படிக்கும் தோழரே, கோயிலுக்குச் செல்வதும் செல்லாமலிருப்பதும் உங்கள் உரிமை. கொடியும் கொள்கையும்கூட, கேள்வி கேளாமல் கும்பிட்டால் இன்னொரு மதமாகிவிடும். ஆகவே இன்று மாலை உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பந்தியில் யாருக்கு இடமில்லை? உங்கள் வீட்டுத் திருமணப் பேச்சில் எந்தத் தெருவின் பெயர் வந்தால் குரல் தாழ்கிறது? அந்த இடத்தில்தான் உங்கள் மீனாட்சி கோயில் வாயில் இருக்கிறது. அதைத் திறக்க வேறொரு வைத்தியநாதர் வரமாட்டார். நீங்கள்தான் திறக்க வேண்டும்.