வரவாக எழுதப்படும் இழப்பு

பொருளாதார நெருக்கடி முற்றும்போது எந்த அரசும் முதலில் தேடுவது விற்கத்தக்க சொத்தையே. அத்தேடலில், இன்னும் வாக்குரிமை பெறாதவர்களுக்கும் இனிமேல்தான் பிறக்கவிருப்பவர்களுக்கும் உரிய நிலமும் நீருமே கேட்பாரற்ற உடைமைகளாகக் கண்ணில் படுகின்றன. ஐதராபாத்தில் பட்டம் பெறும் மாணவர் இதற்குரிய சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலம், நெடுங்கால வழக்குக்குப் பின் 2024-இல் தெலங்கானா அரசுக்கே உரியதென உறுதியாயிற்று. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுள்ள கருங்கற்பாறைகளும், அவற்றின் இடுக்குகளில் வேர்விட்ட புதர்க்காடும் கொண்டு, மயிலும் புள்ளிமானும் நட்சத்திர ஆமையும் உலவும் அந்நிலத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தால் 50,000 கோடி ரூபாய் முதலீடும் 5 இலட்சம் வேலைவாய்ப்பும் வரும் என்று அரசு கூறியது. 2025 மார்ச் 30, யுகாதி நாளன்று இயந்திரங்கள் இறங்கின. ரம்ஜானும் சேர்ந்து வந்த தொடர் விடுமுறையில் வேலை விரைந்து நடந்து, மாணவர் போராட்டத்திற்கிடையே ஏறத்தாழ 100 ஏக்கர் பசுமை அழிந்தபின், ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அரசுப் பதிவேட்டில் அது காடன்று என்ற வாதம் எழுந்தது. ஆனால் பதிவேடு எதைச் சொன்னாலும் காட்டின் இயல்புடைய நிலம் காடே என்பதைக் கோதவர்மன் வழக்கில் 1996-லேயே அந்நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது.

அரசின் பணமுடையைப் பொய்யென்று தள்ளுவது நேர்மையாகாது. ஓர் உழவர் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் வரை பயிர்க்கடன் தள்ளுபடி செய்த அரசுக்குப் பணம் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். சிக்கல் கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. இந்திய அரசுகளின் கணக்கு ரொக்க அடிப்படையிலானது, அதாவது பணம் கைக்கு வரும்போதும் கையை விட்டுப் போகும்போதும் மட்டுமே பதிவு செய்யப்படுவது. ஆகவே நிலம் விற்றால் வரவு ஏறுகிறது, ஆனால் அந்நிலம் மழைநீரை உறிஞ்சி ஏரிகளுக்கு அனுப்பியதும் வெயிலைத் தணித்ததும் எந்தப் பத்தியிலும் கழிவதில்லை. விதைநெல்லை விற்று வந்த காசை விளைச்சல் என்று எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

இதே நகரம் வேறு வகையிலும் கணக்கிட்டதுண்டு. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு போனது. அன்று அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட ஏறத்தாழ 150 பேர் பிழைத்தனர், அம்மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பரிந்துரைப்படி உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் எழுந்து, வெள்ளத்தைத் தடுத்ததோடு குடிநீரும் தந்தன. அவற்றைச் சுற்றி 10 கிலோமீட்டரில் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளையும் பெருங்கட்டடங்களையும் விலக்கிய 1996-ஆம் ஆண்டின் 111-ஆம் அரசாணை 84 கிராமங்களைக் காத்தது. அந்நீர்த்தேக்கங்களைப் பற்றிய நாயுடு வழக்கில்தான், கேடு விளையாது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் தொடங்குபவரையே சாரும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியது. ஆயினும் 2022-இல் அந்த அரசாணையின் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. நில விலை ஏறிய ஊரில் இது வியப்பன்று.

இத்தகைய இழப்பை அளக்கும் கணக்கும் இல்லாமலில்லை. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்கேடுகளை வெளியிட்டு வருகிறது. காடு, நீர், மண் ஆகிய இயற்கை மூலதனத்தின் இருப்பையும் தேய்வையும் அளக்கும் இவ்வேடுகள் மாநில வரவுசெலவுத் திட்டத்தோடு ஒரே மேசையில் வைத்துப் படிக்கப்படுவதில்லை. பொருளியலும் உயிரியலும் சட்டமும் பயின்று வெளிவருவோருள் சிலரேனும் அந்த மேசையில் அமரக்கூடும். நிலம் ஏலத்துக்கு வருமுன் அதன் தேய்வையும் எழுதிக் காட்டுவது அவர்கள் பணியாகும்.