வேடமும் விரதமும்



மொழிபெயர்ப்பாளனுக்குப் பெரிய இலக்கியங்களைவிடச் சிறிய சொற்களே அதிகத் தொல்லை தருவன. 2019ஆம் ஆண்டில் பல்கேரிய நாட்டுக் கிராமத் திருவிழா ஒன்றைப் பற்றிய குறிப்பைத் தமிழாக்கும் வேலை எனக்கு வாய்த்தது. பெர்னிக் வட்டாரத்துக் கிராமங்களில் ஜனவரி 13, 14 தேதிகளில் நடக்கும் சுரோவா என்னும் விழா அது. பழைய பஞ்சாங்கப்படி அவர்களுக்கு அதுவே புத்தாண்டு. முதல் நாள் இரவு ஊர் நடுவில் தீ மூட்டுவார்கள். நம் போகியும் ஏறக்குறைய அதே நாளில்தான் வருகிறது என்பதை எண்ணி வியந்தேன். ஆட்டுத் தோலும் இறகும் கொண்டு செய்த பயங்கரமான முகமூடிகளை அணிந்து, இடுப்பில் கனத்த மணிகளைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். அந்த ஓசைக்குத் தீய ஆவிகள் அஞ்சி ஓடும் என்பது நம்பிக்கை. மறுநாள் காலையில் வீடு வீடாகச் செல்வார்கள். கூட்டத்தில் மணமக்கள் உண்டு, பாதிரியார் உண்டு, கரடியும் உண்டு. கரடி வீட்டாரைக் கட்டிப் புரட்டினால் அவர்களுக்கு நோய் வராதாம். வீட்டார் விருந்தளித்துப் பரிசும் கொடுப்பார்கள். அப்படிக் கிடைத்ததை அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிடுவது பல குழுக்களின் வழக்கம். 2015இல் யுனெஸ்கோ இவ்விழாவை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு நான் இட்ட தலைப்பு 'மாறுவேட வேடிக்கை' என்பது.

பம்பாயின் கிழக்கோரத்தில், டிராம்பே கழிமுகத்தை அடுத்து, சீத்தா கேம்ப் என்னும் பகுதி இருக்கிறது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை அகற்றி, அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே நெருங்கி வாழ்கிறார்கள். அங்கே எனக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவர், உடன்குடிப் பக்கத்துக்காரர். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் என் தமிழாக்கத்தை அவரிடம் படித்துக் காட்டினேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "வேடிக்கை என்று எப்படி எழுதினீர்கள், தம்பி? கரடி வேடம் போட்டவன் விரதம் இருந்தானா இல்லையா, அதைக் கேட்டீர்களா?" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பேரன் பிறந்தவுடன் பிழைப்பதே அரிது என்று மருத்துவர்கள் கைவிரித்தபோது, ஏழு ஆண்டுகள் காளி வேடம் கட்டி வருவதாகக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனிடம் அவர் நேர்ந்துகொண்டிருந்தார். 2017இல் தொடங்கி, மூன்றாவது ஆண்டுக்கான விரதத்தில் இருந்தார் அப்போது.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள குலசேகரன்பட்டினத்தில் நவராத்திரியின் முதல் நாள் கொடியேறும். பக்தர்கள் காப்புக் கட்டிக்கொண்டு வேடம் புனைவார்கள். குறத்தி, குரங்கு, கரடி, அரசன், போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று வேடங்களுக்கு எல்லையில்லை. இலட்சாதிபதியும் பிச்சைக்கார வேடம் கட்டினால் தெருவில் கையேந்தத்தான் வேண்டும். இதில்தான் இவ்விழாவின் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊர் ஊராகச் சென்று தர்மம் எடுத்த காசு முழுவதும் அம்மன் உண்டியலில் சேரும். தசராக் குழு என்று சொல்லப்படும் ஒவ்வொரு கூட்டத்துடனும் மேளமும் தப்பட்டையும் வரும். காளி வேடக்காரர்தாம் அவற்றில் தலைமையானவர். அவர் நாற்பத்தொரு நாளோ அதற்கு மேலோ விரதம் காக்க வேண்டும். சிவப்புச் சேலை, சடைமுடி, கிரீடம், கண்மலர், வீரப்பல், தோளின் இருபுறமும் மரக்கைகள் என அத்தனையும் சுமந்து ஆட வேண்டும். கிரீடத்தின் கனத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. ஆகவே உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. நாம் அம்மனின் நடை என்று கைகூப்பி நிற்பதில் பாதி இந்தப் பாரத்தினால் வந்த நடை போலும்! பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும். அசுரன் சிங்கமுகமாகவும் எருமைமுகமாகவும் உருமாறி வருவான். அது முடிந்த பிறகே காப்பைக் களைவார்கள்.

2020இல் கொள்ளை நோய் வந்தது. கொடியேற்றத்துக்கும் சம்ஹாரத்துக்கும் பக்தர்களை அனுமதிக்கவில்லை. சம்ஹாரமும் கடற்கரையை விட்டுக் கோயில் எல்லைக்குள் நடந்தது. 2021இலும் கட்டுப்பாடுகள் நீடித்தன. சீத்தா கேம்பிலேயே வேடம் கட்டி, சந்துக்குள் ஆடி, காணிக்கையை அஞ்சலில் அனுப்பிவிடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

"அம்மன் முன்னால் கொண்டுபோய் இறக்கி வைத்தால்தான் அது வேடம். இங்கே கட்டி இங்கேயே அவிழ்த்தால் நாடகம், தம்பி," என்றார் அவர். இரண்டு ஆண்டும் விரதத்தை மட்டும் இருந்தார். கிரீடம் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் வீட்டில் சச்சரவே மூண்டது. மகள் சேர்க்கலாம் என்றாள். நோன்பு நோற்றவர் சேர்க்கவில்லை. வயது அறுபதைக் கடந்து, முழங்கால் வலியோடு, 2022 முதல் 2025 வரை நாகர்கோவில் வண்டி ஏறி மீதி நான்கையும் நிறைவேற்றினார். கடைசி ஆண்டில் பேரன் உடன் சென்றான். அவனுக்குக் குரங்கு வேடம். வாலை மிதித்து இரண்டு முறை விழுந்தானாம்.

பல்கேரியக் கரடி விரதம் இருக்கிறதா என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை. ஆனால் அந்நாட்டின் வேறு சில பகுதிகளில் குக்கேரி என்னும் வேடக்காரர்கள், நோன்புக் காலம் தொடங்கும் தறுவாயில், அரசன் வேடம் தரித்தவனை முன்னிட்டு உழுது விதைப்பதாக நடிக்கிறார்கள். அரசன் மாண்டு விழுந்து மீண்டும் எழுகிறான். ஊருக்கு விளைச்சல் வேண்டித்தான் அவன் விழுகிறான். இதைப் படித்த அன்றே என் கைப்பிரதியை எடுத்தேன். 'வேடிக்கை' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'வேடம் பூணும் விழா' என்று எழுதினேன்.

அண்ணாச்சியின் கிரீடம் இப்போது அவர் வீட்டில் இல்லை. அடுத்த சந்தில் ஓர் இளைஞன், தாயின் நோய்க்காக நேர்ந்துகொண்டவன், கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். அவன் தலை சற்றுச் சிறியது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தவர் அண்ணாச்சியேதான். கூலி வாங்கவில்லை.