ஆண்டுக் கூட்டமும் அறிமுகமும்



தோட்டத்து மக்களுக்கு உறவு கொண்டாடத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. திருவிழாவானாலும், கல்யாணமானாலும், துக்கமானாலும் லயமே ஒரு குடும்பமாகிவிடும். ஆனால், தோட்டத்து எல்லையைத் தாண்டி, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்? உங்கள் பக்கத்தில் வீடு, நிலமெல்லாம் எப்படி?" என்று கேட்க நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் நாம் இழப்பது என்ன? ஆண்டுக் கூட்டங்களில் அதை எப்படிப் போக்கிக்கொள்ளலாம்? இவற்றை இன்று சிந்திப்போம்.

நிலத்தையும் கட்டடத்தையும் வாங்கி விற்பவர்கள் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறார்கள். பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில் கான் என்றொரு நகரம் இருக்கிறது. 1990இல் அங்கே தொடங்கிய நிலச்சொத்துச் சந்தைக்குப் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். நம் நாட்டு வீடமைப்பாளர்களுக்கும் சங்கம் உண்டு, கூட்டம் உண்டு, விருந்தும் உண்டு. மேடையில் பேசுவதை அச்சிட்டு வீட்டுக்கே அனுப்பிவிடலாமே! பிறகு எதற்காகச் செலவு செய்து போகிறார்கள்? தேநீர் வேளைக்காகத்தான். யார் நிலத்தை விற்க நினைக்கிறார், யார் வாங்கத் தேடுகிறார், எந்த வங்கி கடன் கொடுக்கும் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். நிலத்தைப் பற்றிய செய்தி பத்திரிகைக்கு வருமுன்பே அறிமுகமானவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்தச் செய்தி நமக்கு எப்போது வருகிறது? பெரும்பாலும் கடைசியில்தான். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் வேதனையோடு சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவான அறிக்கையே எழுதினார். வேலையும் போய், வீடும் போய், சாமான்களோடு சாலைக்கு வந்த குடும்பங்கள் பல.

அந்த வேளையில், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி கண்டார். தோட்டத்தை விற்கிறார்கள் என்றால் தொழிலாளர்களே ஒன்றுசேர்ந்து வாங்கினால் என்ன? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டந்தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். மறு ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தாயிற்று. தனித்தனியே இருந்த பத்து வெள்ளிகள் சேர்வதற்கு முன், தனித்தனியே இருந்த மனிதர்கள் சேர வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்றைய நிலையைப் பாருங்கள். ஈப்போவைச் சுற்றிப் பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. அல்லது தாமான் வீடுகள் நிற்கின்றன. தோட்டத்து வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் வசதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அந்த வீடு முதலாளியின் வீடுதான். வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். தோட்டம் கை மாறுகிறது என்ற செய்தி, ஆசிரியர்களாகிய நமக்குப் பல வேளைகளில் வருகைப் பதிவேட்டிலிருந்துதான் தெரிய வருகிறது. ஒரு மாதம் இரண்டு பெயர் குறையும். அடுத்த மாதம் நான்கு. அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால், வகுப்புத் தோழர்களுக்கும் தெரியாது. முன்கூட்டியே செய்தி அறிந்த குடும்பம் வேறு இடம் பார்த்து, பள்ளி பார்த்துப் போகிறது. அறியாத குடும்பம் அவசரத்தில் கிடைத்த இடத்துக்குப் போகிறது.

ஆகவே, கூட்டுறவுச் சங்கமாகட்டும், தொழிற்சங்கமாகட்டும், ஆண்டுக் கூட்டத்துக்குப் போகும்போது சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, உட்காரும் இடம். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினால் என்ன பயன்? தோட்டத்தையே மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதாகத்தான் ஆகும். பசியாறும் வேளையிலாவது வேறு ஊர்க்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இரண்டாவது, பேச்சைத் தொடங்கும் முறை. எடுத்த எடுப்பில் உதவி கேட்க வேண்டாம். "அண்ணே, நாங்க செம்மோர் பக்கம். நீங்க எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டால் போதும். அவர் பத்து காஜா என்பார், கோப்பெங் என்பார். தோட்டம் விற்றபோது அவர்கள் என்ன செய்தார்கள், வீட்டுக் கடன் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். வாங்கிக்கொள்ள மட்டும் வருபவரை யாரும் விரும்புவதில்லை.

மூன்றாவது, பெண்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, பள்ளி பஸ் எங்கே நிற்கிறது, தவணை கட்டியது போகக் கையில் என்ன மிஞ்சும் என்பதை அம்மாமார்களைவிட நன்றாகக் கேட்டறியக்கூடியவர் யார்?

நான்காவது, பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் ஒரு முறை அழைத்து நலம் விசாரியுங்கள். ஆபத்து வந்த பிறகுதான் முதல் அழைப்பு என்று இருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் கூடும் இடத்தில் ஏமாற்றுபவர்களும் வருவார்கள். "மலிவு வீடு வாங்கித் தருகிறேன், இப்போதே ஐந்நூறு வெள்ளி கொடுங்கள்" என்று இனிக்கப் பேசுவார்கள். கொடுக்காதீர்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடமைப்பாளருக்கு உரிமம் வேண்டும். 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகுமுன் அவர் எந்தப் பணமும் வாங்கக் கூடாது. கையெழுத்தாகும்போது நூற்றுக்குப் பத்துப் பங்கு கட்டுவது வழக்கமான முறை. மனை வாங்குவதானால், நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்திச் சாரியான் எடுத்துப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மனிதரோடு பழகுங்கள், பத்திரத்தைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

திரும்பி வந்ததும், கேட்டறிந்ததை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். கோயில் மண்டபத்தில் ஒரு மாலை பத்துக் குடும்பங்களைக் கூட்டிச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போக முடியாத வயதானவர்களுக்கும் விதவைத் தாய்மார்களுக்கும் அந்தச் செய்தி மிகவும் தேவை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் அழைப்புக் கடிதம் வரும்போது அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், வளர்ந்த பிள்ளை ஒன்றையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். புதியவர்களிடம் பேசுவது எப்படி என்பதை அந்தப் பிள்ளையும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.